பந்தயத்துக்குப் போன ஞாயிறு

சிங்கப்பெருமாள் கோவில்,
13-8-1991

அன்புள்ள மாமிக்கு,

காந்திமதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மகனும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன் அண்ணன் கிள்ளானுக்குப் போட்ட போன் பாதியில் அறுந்துவிட்டது. போலீஸ் என்ற சொல் மட்டும் உங்கள் காதில் விழுந்திருக்கும். நேற்று நான் பேசியபோது பூத் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அதனால்தான் “சுகம், சுகம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை கோலாலம்பூர் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

மலேசியாவிலிருந்து வந்த நாள் முதல் எந்தக் குறையும் இல்லை. கிள்ளான் பட்டறையில் உங்கள் மகனோடு வேலை பார்த்த பாண்டுரங்கன் அண்ணன் இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். தன் வீட்டிலேயே எங்களைத் தங்கவைத்து, தன் புல்லட்டையும் கொடுத்தார். மகாபலிபுரம் போனோம், பாண்டிச்சேரி போனோம். பின்சீட்டில் உட்கார்ந்து என் முதுகு போய்விட்டது. அடுத்து கன்னியாகுமரி என்று இருந்தபோதுதான், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று உங்கள் மகன் கேள்விப்பட்டார். நம் ஊர்ப் பக்கம் பத்து தீகா திடலில் நடக்கிற பந்தயம் ஒன்றைக்கூட விடாதவர், இதை விடுவாரா?

அந்த ஊரில்தான் மே மாதம் ராஜீவ் காந்தியைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். பாண்டுரங்கன் அண்ணனின் மனைவி கலைமதி, “இப்போ அந்தப் பக்கம் இன்னாத்துக்குண்ணா?” என்று கேட்டார். நாம் மலேசியாக்காரர்கள், நமக்கென்ன என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பந்தயத் திடல் வெட்டவெளி. நல்ல வெயில். வண்டிகள் கூட்டமாகத் திரும்பும்போது மண் அதிர்ந்து காலில் ஏறியது. இவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். ஒரு சிவப்பு வண்டிக்காரன் பின்னாலிருந்து ஒவ்வொருவராக முந்தி வந்தான். “உவன் மூலையில என்ன மாதிரிச் சரிக்கிறான் பாருங்கோ! கையை எடுக்கிறானே இல்லை!” என்று பக்கத்தில் நின்றவரிடம் உரக்கச் சொன்னார். சந்தோஷம் வந்தால் உங்கள் பேச்சு அப்படியே அவர் வாயில் வரும், உங்களுக்குத் தெரியும்தானே. பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக நகர்ந்து போனார். நான் அதைக் கவனித்தேன். ஏதோ தோன்றியது. சொல்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டது.

வந்தவர்கள் மூன்று பேர். சீருடை இல்லை. இவர் கழுத்தில் இருந்த கேமராவைத்தான் முதலில் பிடித்தார்கள். எதைப் படம் எடுத்தாய், வண்டி யாருடையது, எந்த ஊர் என்று மாறிமாறிக் கேட்டார்கள். கிள்ளான் என்றார். அவர்களுக்கு அந்தப் பெயர் புரியவில்லை. வண்டிப் புத்தகத்தில் வேறு ஆள் பெயர். ஒருவர், “பேசறது சிலோன் பேச்சாச்சே?” என்றார். “அம்மா யாழ்ப்பாணம்” என்று இவர் நேராகச் சொன்னார். மாமி, ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. உடனே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு என்னை அங்கேயே விட்டுப் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பந்தயம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பாஸ்போர்ட் இந்த வீட்டில் பெட்டிக்குள். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே மோர் விற்றுக்கொண்டிருந்த பாஞ்சாலி என்கிற அம்மாள் என் கையைப் பிடித்தாள். “அழுதுகினு நின்னா ஆவுமா? வண்டி கீதே, ஓட்டத் தெரியுமா?” என்றாள். ஊரில் சின்ன ஹோண்டா ஓட்டுவேன் என்றேன். “அப்போ எடு. நான் வழி காட்றேன்.” மோர்ப் பானையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டுப் பின்னால் ஏறிவிட்டாள்.

புல்லட்டுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒரகடம் தாண்டும் வரை எத்தனை முறை பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தேனோ தெரியாது. எதிரே லாரி வரும்போதெல்லாம் பாஞ்சாலி என் இடுப்பை இறுக்கிக்கொண்டாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. அவளுடைய பெரிய மகனையும் ஜூன் மாதம் இப்படித்தான் கூட்டிப்போனார்களாம். “திரும்பி வந்துட்டான். ஆனா வூட்டாண்ட ஜீப் சத்தம் கேட்டா இன்னும் சோத்துல கை வைக்க மாட்டான்” என்றாள். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அவளிடம் விட்டுவிட்டு, ரயில் போனதும் கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடினேன். கலைமதி பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்த கணவரிடம் சொல்ல ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு லாரி டிரைவர் வண்டியை உதைத்துக் கிளப்பி வைத்திருந்தார்.

ஸ்டேஷனுக்கு வெளியே பாஞ்சாலி சொன்னாள்: “மாமியார் ஊரைக் கேட்டா மலேசியான்னு சொல்லு. வேற எதையும் சொல்லாத.”

எந்த ஸ்டேஷன் என்று எழுத வேண்டாம் என்கிறார் பாண்டுரங்கன் அண்ணன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்டார். கிள்ளான் என்றேன். அவர் நிமிர்ந்தார். “உள்ள இருக்கிறவன் யாழ்ப்பாணம்ங்கறான். நீ கிள்ளான்ங்கற. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றீங்க?”

அவரைக் காப்பாற்றச் சொன்ன சொல்லே அவரைக் கவிழ்க்கப் பார்த்தது, மாமி. “நான்தான் பொய் சொன்னேன், பயத்துல” என்றேன். பிறகு உங்களைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கப்பல் ஏறிப் போனவர், நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கிள்ளானில் இருக்கிறவர், தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர், அவரிடம் இருந்து பேசக் கற்றவர்தான் உள்ளே இருப்பவர் என்றேன். வேறு குற்றம் எதுவும் இல்லை என்றேன். மெட்ராஸுக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்து யாரோ பேசினார்கள். பாண்டுரங்கன் அண்ணனும் கம்பெனி யூனியன்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் உங்கள் மகனை வெளியே விட்டார்கள்; இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். கேமராவைத் தந்தார்கள், பிலிம் இல்லை. பாஞ்சாலி அதுவரை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கன்னியாகுமரி இனி இல்லை. வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றிவிட்டோம். அவர் சாப்பிடுகிறார், குளிக்கிறார், பாண்டுரங்கன் அண்ணனோடு உட்கார்ந்து வண்டியைத் துடைக்கிறார். ஆனால் தமிழ் பேசுவதில்லை, மாமி. என்னிடம் மலாய். கடையில் இங்கிலீஷ். கலைமதி இரண்டு வயது மகளைத் தூக்கிக் காட்டி, “மாமா கிட்ட பேசு” என்றபோது, அந்தக் குழந்தைக்கும் தலையை மட்டும் ஆட்டினார். நான் தமிழில் கேட்டால் கதவைப் பார்க்கிறார். உங்களைத் தேற்றத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நானே உங்களிடம் ஓடி வருகிற மாதிரி இருக்கிறது.

அன்று நான் உங்கள் ஊரை மறைத்ததை மனதில் வைக்காதீர்கள். ஒரு வேண்டுதல் மட்டும். சனிக்கிழமை நாங்கள் வந்து நிற்கும்போது எதுவும் விசாரிக்காதீர்கள். எப்போதும் போல, “வந்திட்டியே ராசா? சாப்பிட்டனியே?” என்று உங்கள் பேச்சிலேயே பேசுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். அழாதீர்கள். அவருக்கு வலது பக்கம் நின்று, கொஞ்சம் உரக்கப் பேசுங்கள்.

உங்கள் ஜெபத்தில் பாஞ்சாலியின் மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் மகளாக,
காந்திமதி