பேரரசருக்கு லாஸ்ட் நேம் கிடையாது

“தாத்தா, ஜப்பான் எம்பரருக்கு லாஸ்ட் நேம் என்ன?” பேத்தி அன்று கேட்டது என்னைத்தான். இன்று பல் மருத்துவமனைப் படிவத்தில், ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் வழக்கம்போல் என் அப்பா பெயரை எழுதும்போது, அந்தக் கேள்வியோடு நீங்களும் நினைவுக்கு வந்தீர்கள், கார்டு சார்.

இங்கே அமெரிக்காவில், பிளானோவில், தினமும் மாலை பூங்காவைச் சுற்றி நடப்போம். நான் முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவன். நீங்கள் ரயில்வே கார்டாக, கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக்கொடி காட்டியவர். ஆனாலும் பேத்தி உங்கள் பக்கம்தான் நடப்பாள். அவளுக்குப் பள்ளியில் ஜப்பான் அரச குடும்பத்தைப் பற்றி புராஜெக்ட் என்றதும், லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படித்துவிட்டு வந்தீர்கள். புதுப் பேரரசர் வந்தால் அங்கே வருடத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள் என்றீர்கள். உடனே அவள், நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்த வருடத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளுடைய கேள்விக்கும் நீங்களே முந்தினீர்கள். “அவங்களுக்கு லாஸ்ட் நேமே கெடையாது கண்ணு. வெளியில கட்டிக்கிட்டுப் போற இளவரசிக்குத்தான் புருஷன் வீட்டுப் பேர் வரும்.”

“அதெப்படி சார் இல்லாமப் போகும்? நம்மள மாதிரிதான், அப்பா பேர்தான் லாஸ்ட் நேம். ஹிஸ்டரி வாத்தியார் எனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது.

அவள் என்னை நம்பி, பேரரசர் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் அப்பா பெயரை ஒட்டிப் படம் வரைந்தாள். வகுப்பில் எல்லாவற்றையும் தப்பென்று அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். “தாத்தா, யூ மேட் இட் அப்!” என்று உங்கள் எதிரிலேயே கத்தினாள்.

“வாத்தியார் போட்டது நம்ம ஊர்க் கணக்கு கண்ணு. அதுவும் ஒரு கணக்குத்தானே?” என்றீர்கள். அவள் சிரித்துவிட்டாள்.

கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். காப்பாற்றிவிட்டீர்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முழங்கால் வலி என்று நான்கு நாள் நடக்க வரவில்லை. நீங்கள் அவளிடம் தைலம் கொடுத்தனுப்பினீர்கள்.

நீங்கள் காலமாகி இரண்டு வருடமாகிறது. இன்று காரோட்டி என்னை அழைத்து வந்தவள் அவள்தான். இதற்கு முன் எப்போது வந்தீர்கள் என்று படிவம் கேட்டது. “அது கார்டு தாத்தா இயர் ஃபோர்ல, தாத்தா” என்றாள், யோசிக்காமலே.

உங்கள் ஆட்சி எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது. என் பெயரில் ஒரு வருடம்கூட இல்லை. இப்போதும் பொறாமைதான், சார். அன்று பூங்காவில் சொல்லாமல் விழுங்கிய இரண்டு வார்த்தைகள் இன்னும் தொண்டையில்தான் இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள்: விடை தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போதே, ‘எனக்குத் தெரியாது’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.