என் பெயரில் உள்ளே இருப்பது யார்?

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் நல்ல வெயில், பகல் திரும்பியதும் இருட்டு. றப்பர் தோட்டத்து ஒபிசுக்குப் புது லெப்டொப். கொழும்பு ஹெட் ஒபிஸ் கம்பியூட்டர் பழங்காலத்து ஆள். அந்தக் கறுப்புத் திரை டெர்மினலோடு மட்டும்தான் பேசும். ஆகவே லெப்டொப்பை டெர்மினல் மாதிரி நடிக்க வைக்க ஒரு புரோகிராம். நடிக்கிற மெஷினை எப்படி நம்புவது?

திரையில் கணக்குக் கட்டத்தின் கோடு வர வேண்டிய இடமெல்லாம் qqqq, xxxx. ருவான்வெல்லை டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ரிஸ்னாவைக் கூப்பிட்டோம். வந்தாள். செட்டிங்கில் டெர்மினல் வகையை மாற்றினாள். கோடு நேராக வந்தது. நான் பாஸ்வேர்ட் அடிக்கும்போது பக்கத்திலேயே நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்தான். ஆனாலும்.

றப்பர் பால் கணக்குப் பாதி ஏற்றியிருப்பேன், இடி. பியோன் பண்டார, "மிஸ், அகுணு!" என்று மின்னலைச் சிங்களத்தில் சொல்லிக் கத்திக்கொண்டே ரவுட்டர் உட்பட எல்லா பிளக்கையும் பிடுங்கினார். மின்னலில் டீவியைப் பறிகொடுத்தவர். இங்கே எல்லாரும் அப்படித்தான், வானம் உறுமினால் கை பிளக்குக்குப் போகும்.

வாங்க வேண்டியவை: விளக்குத்திரி, தேங்காயெண்ணெய், அம்மாவின் மருந்து.

ஒக்டோபர் 15, புதன்

புழுக்கம். கொழும்பு கம்பியூட்டருக்குள்ளே போகப் பார்த்தால், 'இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்' என்று இங்கிலீஷில். பகீர் என்றது.

யார்? பெரிய கிளாக்கருக்குத் தன் பெயரை டைப் பண்ணவே அரை நாள் வேண்டும். பண்டாரவுக்கு பிளக் மட்டும் தெரியும். மிச்சம் ரிஸ்னா. டீ கொடுத்தபோது வேண்டாம் என்றாளே, ஏன் அவ்வளவு அவசரம்?

இந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கில் யாராவது கை வைத்தால் மாட்டுவது நான். தோட்டத்து மெனேஜர் தொரையிடம் போனேன்.

"யாரு மேலயாவது சந்தேகமா?"

பெயரைச் சொன்னேன். இனி அந்தப் பிள்ளை இங்கே வர வேண்டாம் என்றார். பக்கத்துத் தோட்டங்களுக்கும் சொல்வாராம். தோட்டத்து வேலையில்தான் அவள் கடையே ஓடுகிறது. ஓடட்டும், இல்லாமல் போகட்டும்.

பலாக்காய்க் கறியில் உப்பில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

விடியவே மழை, பால் வெட்டு இல்லை. ரிஸ்னா போன். "அக்கா, கோடெல்லாம் நேரா வருதா?"

என்ன துணிச்சல்! திணறட்டும் என்று சும்மா போலக் கேட்டேன். "என் பேர்ல யாரோ உள்ளுக்க இருக்காங்களாம். யாரா இருக்கும்?"

சிரித்தாள். "அது நீங்கதான் அக்கா. இடிக்கு பிளக்க கழட்டினீங்களா? இங்கதான் அணையும். கொழும்புல நீங்க இன்னம் உள்ளுக்குத்தான் ஈக்கிறீங்க. ஹெட் ஒபிசுக்குச் சொல்லி வெட்டச் சொல்லுங்க."

நம்பவில்லை. ஹெட் ஒபிசுக்கு அடித்தேன். என் பெயர் செவ்வாய் பகலிலிருந்து உள்ளே தொங்குகிறதாம், நம் ஒபிஸ் லைனிலிருந்துதானாம், வேறு யாருமில்லையாம். வெட்டினார்கள். உள்ளே போனேன். பாதிக் கணக்கு, நான் விட்ட இடத்திலேயே.

வெட்கம். நெஞ்செல்லாம் வெட்கம்.

சரியாகிவிட்டது என்று சொல்ல ரிஸ்னாவுக்கு போன் எடுத்தேன். சந்தோஷப்பட்டாள். பிறகு குரல் இறங்கியது.

"அக்கா, இன்டைக்கு ரெண்டு தோட்டத்துல இனி வர வேணாமுன்னுட்டாங்க. காரணம் சொல்லல. நீங்க எனக்காக ஒங்கட தொரைக்கிட்ட ஒரு வார்த்த பேசுவீங்களா?"

பேசுகிறேன் என்றேன். ஏற்கெனவே பேசியதைச் சொல்லவில்லை.