செபத்தின் நடுவே மணி

தவக்காலம் முதல் வாரம், திங்கள். விடியலிலிருந்து மழை.
மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாணவி கேட்டது நினைவுக்கு வந்தது: "டீச்சர், மடத்துல இருக்கிறவங்க மாதிரி வீட்டுல செபிக்க முடியுமா?" முடியும் என்றேன், தெரியாமலே. இப்போதுதான் முயல்கிறேன். காலை ஆறரைக்குத் திருப்பாடல்கள், மெதுவாக. புனித பெனடிக்ட் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில் என்னால் ஆனது.

கணவருக்கு இடுப்பு அறுவை முடிந்து மூன்றாவது வாரம். தனியாக நடக்கக் கூடாது. இன்னொரு முறை விழுந்தால் நடையே போய்விடும் என்றார் டாக்டர். கூப்பிட, கட்டிலருகே என் பழைய பள்ளிக்கூடக் கைமணி. இன்று செபத்துக்குள் மூன்று முறை அடித்தார். காற்றாடியைப் போட. கண்ணாடியை எடுத்துக் கொடுக்க. மூன்றாவது (அவருக்கும் நான் டீச்சர்தான்): "டீச்சர், மழை விட்டுருச்சா பாரு."
"ஜன்னல் உங்க பக்கத்துலதானே இருக்கு! செபம் முடியட்டும் லா."
கொஞ்சம் கடுமைதான்.

செவ்வாய். வெயில்.
பாசாரில் வாங்கியது: முருங்கைக்கீரை, கோப்பித்தூள், எலுமிச்சை.
காலையில் மணியே இல்லை. மூன்று திருப்பாடலும் தடையின்றி. என்ன அமைதி! நன்றி சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.
போய்ப் பார்த்தால் கட்டில் காலி. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கால் நடுக்கம், சட்டையெல்லாம் வியர்வை. தாங்கி உட்காரவைத்தேன்.
"மணி அடிச்சா என்னங்க? வாக்கர் எங்க?"
"அது டக் டக்னு சத்தம் போடும். நீ சாமிகிட்ட பேசிட்டு இருந்த. எக்ஸ்பிரஸ் போறப்போ கூட்ஸ் வண்டி ஓரமா நிக்கணும்ல?"
ரயில்வே சிக்னல்காரர் புத்தி. சிரித்தேன். பிறகு சமையலறையில் அழுகை.

புதன். மூட்டம்.
கீரை ஆய்ந்தபடி யோசனை. மடத்தில் மணி அடித்தால் துறவி கைவேலையைப் பாதியில் விட்டு எழுவார். அந்த மணி செபத்துக்கு அழைக்கும். என் வீட்டு மணி செபத்திலிருந்து அழைக்கிறது. இங்கே அழைப்பவர் மட்டும் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன்.
மணியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். "எப்ப வேணும்னாலும் அடிங்க."
"கண்ணாடிக்குமா?"
"ஆமா."
"மழைக்கு?"
"அதுக்கும்தான்!"

வியாழன். மறுபடி மழை.
செபத்துக்குள் இரண்டு மணி. முதலாவது குளியலறை, வாக்கரோடு, என் கையோடு. இரண்டாவது: "ஒன்னுமில்ல, சிக்னல் வேலை செய்யுதான்னு பார்த்தேன்." கோபம் வந்தது, போயிற்று. மிச்சத் திருப்பாடலை அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து சொன்னேன். தூக்கக் குரலில் மறுவரி சொன்னார்.
தேர்வறையில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன், மணி அடித்தால் பாதிச் சொல்லானாலும் அதோடு நிறுத்து என்று. எனக்கும் அதே பா

மணி. பேனாவைக் கீழே வை.