ரோமக் காசில் செம்மண்

ஐப்பசி 6, திங்கள்

மழை. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ். உலோகக் கலவையைச் சொல்லும் எக்ஸ்-கதிர் மெஷின் மடியில். "உள்ள என்ன சார், ட்ரில்லிங் மெஷினா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன்.

தொல்லியல் அலுவலகத்தில் ரோமச் செம்புக் காசுகள், ஒரு கைப்பிடி. தேவதானத்தில் தென்னைக்குக் குழி வெட்டும்போது கிடைத்தவை. தோப்புக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். தாமாகவே கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார். சுரண்டக் கூடாது, வெட்டக் கூடாது. ஆனால் என்ன பளபளப்பு! மண்ணில் கிடந்த செம்புக்குப் பச்சைக் களிம்பு எங்கே போச்சு?

7, செவ்வாய்

கரண்ட் மதியம்தான் வந்தது. மெஷின் காட்டியது செம்பு, கொஞ்சம் ஈயம். அந்தக் காலக் கலவைதான், இன்றைக்கும் வார்க்கலாம். மைக்ரோஸ்கோப்பில், காசிலுள்ள ராஜாவின் மூக்கோரம் சிவப்புத் தூள். செம்மண் என்று குறித்தேன்.

அறிக்கை: மேற்பரப்பில் பழமையின் தடயம் இல்லை. போலி என்று நான் எழுதவில்லை. அதிகாரி அப்படித்தான் படித்தார். "ஒரிஜினல வித்துட்டு டூப்பக் குடுத்துருக்கான்."

குடையை மறந்துவிட்டேன்.

9, வியாழன்

பட்டாளத்துக்காரர் வந்தார். ஸ்டேஷனில் விசாரணையாம். இஸ்திரி போட்ட சட்டை.

"திருடணும்னா நான் எதுக்கு சார் கொண்டாந்து குடுக்கேன்? ஊருக்குள்ள தல காட்ட முடியல."

மெஷின் காட்டுவதைத்தான் எழுத முடியும் என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன்.

13, திங்கள்

பட்டாளத்துக்காரர் தோப்பு மோட்டார் ரூமில் இறந்துகிடந்தாராம். நெஞ்சுவலி என்கிறார்கள். சார்ஜர் வயர் வாங்கணும்.

கார்த்திகை 1, வெள்ளி

அவர் மனைவி வந்தார். உட்காரவில்லை.

"நாந்தான் சார் தேச்சேன். வெளக்கோட சேத்து, புளி போட்டு. சாமி மொகம்னு பொட்டு வச்சுக் கும்பிட்டேன். அவிய கேட்டதுக்கு, மண்ணக் கழுவுனேன்னு மட்டும் சொன்னேன். பொறவு பயந்துட்டேன்."

மறுபடியும் மைக்ரோஸ்கோப். செம்மண் இல்லை, குங்குமம். அதை ஒட்டி, எழுத்து இடுக்கில், கெட்டியான பச்சைக் களிம்பு. எல்லாக் காசிலும். பழசுதான்.

காசை என்ன செய்தீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். மெஷினை மட்டும் கேட்டேன்.

"ஒரிஜினல்தானா சார்?"

"ஆமாம்மா. அவர் மாற்றவில்லை."

அந்த அம்மா நெற்றியில் ஒன்றும் இல்லை. லென்ஸுக்குக் கீழே குங்குமம் அப்படியே.

"அதத் துடச்சிராதிய சார்," என்றார்.