அந்தியேட்டிக்குக் கழுவிய முருகைக்கல்

என் அன்பு அண்ணா,

உங்கள் மீன்தொட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர்ச் செய்தி நீங்கள் இருந்தபோது இருந்தபடியே. கரண்ட் போகிறது, வருகிறது. பின்னேரமானால் கடைகள் பூட்டிவிடுகின்றன.

தொட்டிக்குள் கிடக்கும் முருகைக்கல்லின், அந்தப் பவளப்பாறைத் துண்டின், ஓரத்தில் நகமளவு செம்மஞ்சள் கடற்பஞ்சு ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? "அதைக் கிள்ளாதை. பிய்ஞ்சால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும்" என்பீர்கள். முளைத்துவிட்டது, அண்ணா. கல்லெல்லாம் படர்ந்து, அதில் நீங்கள் வளர்த்த பச்சைப் பவளத்தில் பாதியை மூடிவிட்டது.

அக்காவின் புருஷன் செய்த வேலை. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள், சாவுத் துடக்குக் கழிய வீடு கழுவினார்கள். நான் ஐயரைக் கண்டுவிட்டு வந்தால், அத்தான் தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, தேங்காய்த் தும்பால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு தூளாகித் தண்ணீரெல்லாம் மிதந்தது.

"அத்தான், என்ன செய்யிறியள்?"

"செத்த வீட்டில ஊத்தை கிடக்கலாமே? நீ படிச்சனி, உனக்குத் தெரியாதே?"

"அந்தத் தூளெல்லாம் முளைக்கும்."

"கல்லில பஞ்சு விளையுதாம். கேட்டியளே கதையை."

வாளியோடு நின்றவர்கள் சிரித்தார்கள். சந்தைக்குப் போன உங்களைச் சுட்டது யார் என்று அந்த வாய்களில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஏலாது, எனக்கும் தெரியும். ஊத்தையைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது.

இப்போது கல்லைத் தண்ணீரைவிட்டு எடுக்காமல், சின்னக் கத்தியால் சுரண்டுகிறேன். பிய்கிற துண்டு தப்பிப் போகாமல், பக்கத்திலேயே குழாயைப் பிடித்துத் தண்ணீரோடு வாளிக்குள் இழுக்கிறேன். குறைகிற தண்ணீருக்குக் கடல்தண்ணீர் அள்ளிவர, எங்கள் பாலையூற்றிலிருந்து கடற்கரைவரை சைக்கிளில் கான் கட்டிப் போகவேண்டும். காவலரணில் கானுக்குள் என்ன என்று குடித்துக் காட்டச் சொன்னார்கள். குடித்தேன்.

மிஞ்சுகிற தீனில்தான் பஞ்சு கொழுக்கிறது. "ஒருநேரம் போட்டால் போதும், அண்ணி" என்றேன்.

"அவர் ரெண்டு நேரம் போடுறவர்" என்றா அண்ணி.

அவ போடுகிறா, நான் சுரண்டுகிறேன். பவளத்தின் மறுபாதி காலையில் இன்னும் விரிகிறது.

வருஷம் முடிய, ஆட்டைத் திவசத்துக்கு மறுபடி வீடு கழுவுவார்கள். அத்தான் தும்போடு வருவார். தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு நான் இருப்பேன். அக்கா அழுதாலும் எழும்பமாட்டேன். யாரிடமும் கேட்க ஏலாமற்போன கோபம் முழுவதையும் அந்த ஒரு கதிரையில் வைத்துக்கொண்டு இருப்பேன். அவர் விரல் அந்தத் தண்ணீரில் படாது. இது என் வாக்கு.

உங்களுக்குப் பின் பிறந்த,
தம்பி