டிபென்டன்ட் என்றால்

பிப்ரவரி 3

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று நான் கேட்பது வழக்கத்துக்காக இல்லை. போன ஞாயிறு போனில் மூன்று முறை இருமினீர்கள். என்ன ஏது என்று கேட்கலாம் என்றால் அத்தை என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார். உங்கள் பக்கம் அறையில் ஐந்து பேர். நீங்கள் போன இந்த ஆறு வருடத்தில் நாம் போனில் பேசியது இரண்டே விஷயம்: உங்கள் அம்மாவின் முட்டிவலி, இரண்டு ஊர் மழை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். சிரிக்காதீர்கள்.

இங்கிலீஷ் பரீட்சைக்கு மறுபடியும் பணம் கட்டிவிட்டேன். முதல் தடவை அரை மார்க்கில் போனது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை வேண்டுமென்றால் இதில் ஏழு வாங்கியே ஆக வேண்டுமாம். "எலும்பு என்ன இங்கிலீஷ்லயா ஒடையுது?" என்கிறார் அத்தை.

மாலை வகுப்பில் தினமும் இருபது சொல் கொடுக்கிறார்கள். எல்லாம் யாரும் வாயைத் திறந்து சொல்லாத சொற்கள். எக்ஸ்ரே அறையில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். நோயாளியிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சொல்லைப் பார்த்துக்கொள்வேன். நேற்று எஃபெமரல் என்பதில் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரமே இருந்து மறைந்துபோவது என்று பொருள். நான் அதை மனதில் ஏற்றி முடிக்கும்வரை எக்ஸ்ரேவுக்கு நின்ற பெரியவர் மூச்சை விடவே இல்லை. கடைசியில் விடலாமா என்று கையால் ஜாடை கேட்டார்.

டேண்டலைஸ் என்று ஒன்று. எட்டிவிடும் போலக் காட்டிக்காட்டி, எட்டவிடாமல் வைத்திருப்பது. இது மட்டும் ஒரே தடவையில் மனதில் உட்கார்ந்துவிட்டது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே இதையெல்லாம் யாராவது பேசுகிறார்களா? விசாரித்து எழுதுங்கள்.

உங்கள்,
இருட்டறைக்காரி


பிப்ரவரி 22

என் இருட்டறை ராணிக்கு,

இருமல் போய்விட்டது. வெல்டிங் புகைதான், வேறொன்றும் இல்லை. உன் கடிதம் வந்த அன்று அறையில் ஒரே அமர்க்களம். "இந்தக் காலத்துல யாருப்பா லெட்டர் போடுறது?" என்று ஐந்து பேரும் சுற்றி நின்றுகொண்டார்கள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு தடவை. அதற்குள் வெளியே கதவைத் தட்டிவிட்டார்கள்.

உன் சொல்லைக் கப்பல் கட்டும் யார்டில் விசாரித்தேன். எங்கள் ஃபோர்மன் பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுகிறவன். "டேண்டலைஸா? அது பெயின்ட் பேரா?" என்றான். கிரேன் ஓட்டுகிறவர், தனக்குத் தெரியும் என்று முன்னால் வந்தார். ஆனால் எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல அவருக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு என் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினார். நான் எம்பினேன், இன்னும் தூக்கினார். மறுபடி எம்பினேன், மறுபடி தூக்கினார். கப்பலின் மேல்தளத்திலிருந்தெல்லாம் கைதட்டினார்கள். அர்த்தம் நன்றாகப் புரிந்துவிட்டது.

எனக்கு இங்கே தேவைப்படும் இங்கிலீஷ் கொஞ்சம்தான். தூக்கு, இறக்கு, நிறுத்து, சூடு, நாளைக்கு. இதை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். நீ நாளுக்கு இருபதாகச் சேர்த்துக்கொண்டே போகிறாய். நீ இங்கே வந்து சேரும்போது உன்னோடு எதைப் பேசுவது என்று சில சமயம் யோசிக்கிறேன்.

சும்மா சொன்னேன். படி. நன்றாகப் படி.

உன்,
வெல்டர்


ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று பேச்சுத் தேர்வு. இன்னும் ரிசல்ட் வரவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, இந்தப் பக்கம் நான், நடுவில் ரெக்கார்டர். நல்ல மாதிரியான அம்மாதான். "உங்களுக்கு ரொம்ப நெருக்கமான ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க. லீவு நாள்ல அவர் என்ன பண்ணுவாரு, அதையும் சொல்லுங்க" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு உள்ளே குதித்தது. உங்களைச் சொல்லத்தானே இத்தனை நாளாக ஒத்திகை பார்த்திருக்கிறேன்!

என் கணவர் ரெட்டிசென்ட் என்று ஆரம்பித்தேன். மனதில் இருப்பதை லேசில் வெளியே விடாதவர். ரெசிலியன்ட் என்றேன். விழுந்தாலும் எழுந்துகொள்பவர். மேக்னானிமஸ் என்றேன், பெரிய மனசுக்காரர். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து, லீவு நாளில் அவர்...

அங்கேயே நின்றுவிட்டேன். எனக்குத் தெரியாதே. கல்யாணமாகி ஒரு வருடம் ஆவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அப்போது லீவு நாளில் மாடிக்குப் போய்த் தண்ணீர்த்தொட்டியைக் கழுவுவீர்கள், ஈரக் காலோடு இறங்கி வந்து நான் துடைத்த தரையில் நடப்பீர்கள். அதைச் சொல்வதா? அந்த ஆள் செய்தார் என்பதா, செய்கிறார் என்பதா? காலத்தை மாற்றிச் சொன்னால் மார்க் போய்விடும். "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. யோசித்தேன். மணி அடித்துவிட்டது. வெளியே வந்து, அடுத்து உள்ளே போக நின்ற பெண்ணிடம் கைக்குட்டை கடன் வாங்கினேன்.

எனக்குச் சொற்கள் போதும். லீவு நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அதை எழுதுங்கள்.

உங்கள்,
இருட்டறைக்காரி


மே 2

என் ராணிக்கு,

நீ கேட்டதைப் படித்தேன். சொன்னால் சிரிப்பாய். சரி, சொல்கிறேன்.

லீவு நாளில் காலையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வரிசை. பிறகு முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடப்பேன். வாடகைக்கு என்று எங்கே போர்டு தொங்கினாலும் மணியை அடித்து, வீட்டைப் பார்க்க வேண்டும் என்பேன். "எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். "ரெண்டு பேர்" என்பேன். அதைச் சொல்வதற்காகத்தான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளேன். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், பாத்ரூமில் நீ வழுக்கி விழுவாயா, ராத்திரி டியூட்டி முடிந்து பகலில் நீ தூங்க இருட்டான அறை உண்டா, எல்லாம் பார்ப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சில வீட்டுக்காரர்களுக்கு என் முகம் பழகிவிட்டது. திறக்கும்போதே கதவை மூடுகிறார்கள்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வீடு. சமையலறைக் கதவு சரியாக மூடாது. கீல் தொங்கிவிட்டது, நான் அரைமணியில் சரிசெய்துவிடுவேன். உன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அந்த வீட்டுக்கார அம்மா போன வாரம், "உன் பொண்டாட்டி நெசமாவே இருக்காளா?" என்று கேட்டுவிட்டார். உன் போட்டோவைக் காட்டினேன்.

இதை அந்தப் பரீட்சையில் இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய்?

உன்,
வெல்டர்


ஆகஸ்ட் 19

அன்புள்ள உங்களுக்கு,

பாஸ்! மூன்றாவது தடவையில் நான்கு பகுதியிலும் ஏழுக்கு மேல். பேச்சில் எட்டு. இந்தத் தடவை அவர்கள் கேட்டது நான் பார்த்த ஒரு கட்டடத்தைப் பற்றி. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் வீட்டைச் சொன்னேன். கீல் உட்பட. பார்த்திருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரி இனி வெளியாட்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டது. என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டிருப்பது வேறொரு நாட்டில் ஒரு ஆஸ்பத்திரி. நீங்கள் இருக்குமிடத்திலிருந்து கடல் தாண்டிப் போக வேண்டும். நல்ல வேலை, நல்ல கருவிகள். என் பெயரில் விசா. கணவரை உடன் அழைத்துக்கொள்ளலாமாம். உங்களுக்கான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உங்களை டிபென்டன்ட் என்று போட்டிருக்கிறார்கள். என்னைச் சார்ந்திருப்பவர் என்று அர்த்தம். அது வெறும் படிவ பாஷை, பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். மகள் வீட்டுக்குப் போய் இருக்கிறேன் என்கிறார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்,
இருட்டறைக்காரி


செப்டம்பர் 5

கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள். கஷ்டப்பட்டுப் படித்தாய், நல்ல வேலை, விடாதே. அம்மாவை அக்கா பார்த்துக்கொள்வாள்.

இங்கே எனக்கு யார்டில் வேலை நிரந்தரமாக இருக்கிறது. விட முடியாது.

அந்தச் சொல்லுக்கு யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கே தெரியும்.

இப்படிக்கு


செப்டம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

லகோனிக் என்று ஒரு சொல் படித்தேன். ரத்தினச் சுருக்கமாகப் பேசுகிறவர். நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது எப்படி அடிக்கும் என்று தெரிந்தது. கையெழுத்துக்கூடப் போடவில்லை நீங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அத்தையிடம் பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். "அவனுக்கு வேலையிருக்குமா இருக்கும்" என்று அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் எனக்காகப் பொய் சொன்னது இதுவே முதல் தடவை.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு அந்தச் சொல் ஒரே ஒரு படிவத்தில்தான் வந்தது. எனக்கு? பாங்கில், ஆஸ்பத்திரியில், வீட்டு ஒப்பந்தத்தில், எங்கே போனாலும் உங்கள் பெயர் மேலே, அதற்குக் கீழே நான், பக்கத்தில் அதே சொல். நானும் சம்பளம் வாங்குகிறவள்தான். நீங்கள் அனுப்பாத மாதங்களிலும் இந்த வீட்டில் உலை கொதித்திருக்கிறது. ஆனால் ஒரு நாள்கூட நான் அந்தச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டவில்லை. உங்கள் பெயரையும் என் பெயரையும் ஒரே தாளில் சேர்க்கிற சொல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் பதினாறாம் தேதி கிளம்புகிறேன். நீங்கள் வந்தாலும் போகிறேன், வராவிட்டாலும் போகிறேன். இதை மாற்றி எழுதப் போவதில்லை. சைக்கிள் கடை வீட்டை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கதவோடு அவர்கள் மல்லுக்கட்டட்டும்.

என் புது முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். படிவத்தைத் தொலைத்திருந்தால் இன்னொன்று இருக்கிறது, இத்துடன் வைக்கிறேன்.

வாங்க.

உங்கள் மனைவி


நவம்பர் 8

என் ராணிக்கு,

இந்தக் கடிதம் உன் புது வீட்டுக்கு வரும் முதல் கடிதமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பிந்திவிட்டேன். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

முதல் படிவத்தை வேலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். கோபத்தில் எறியவும் மனமில்லை, நிரப்பவும் மனமில்லை. ஒருநாள் பொறி பட்டு நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. பொறி பட்ட இடம் என் பெயர் எழுத வேண்டிய கட்டம். நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்தேன். நீ கிளம்பிய பதினாறாம் தேதி கப்பலின் அடிவயிற்றுக்குள் வேலை. மேலே விமானச் சத்தம் கேட்டதும் கையை நிறுத்திவிட்டேன். அது உன் விமானமாக இருக்காது, அந்தப் பாதையே வேறு. எனக்கும் தெரியும். இருந்தாலும் நிறுத்தினேன். பற்றவைப்பு கோணிவிட்டது. ஃபோர்மன் வந்து, "இதைப் பண்ணினது நீயா?" என்று கேட்டான். ஆறு வருடத்தில் அவன் அப்படிக் கேட்டதில்லை.

அன்று அம்மாவுக்குப் போன் போட்டேன். முட்டிவலியைப் பற்றிக் கேட்டேன். "முட்டி கெடக்கட்டும். அவ அங்க தனியா எறங்குறா. நீ எங்கடா நிக்கிற?" என்றாள். பொண்டாட்டி சம்பாத்தியத்தில் போய் உட்கார்ந்தான் என்று ஊர் சிரிக்குமே அம்மா என்றேன். "சிரிக்கும். சிரிச்சு முடிச்சுட்டுத் தூங்கப் போயிரும். நீ கெளம்பு" என்றாள்.

இரண்டாவது படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். டிபென்டன்ட் என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன். ஃபோர்மனிடம் போய் வேலையை விடுகிறேன் என்றேன். "ஏன், வேற யார்டுல கூப்பிட்டாங்களா?" என்றான். "இல்ல, என் பொண்டாட்டி கூப்பிட்டா" என்றேன். முழு வாக்கியமாக, இங்கிலீஷில். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

விசா வந்துவிட்டது. இருபத்தேழாம் தேதி அங்கே இருப்பேன். வந்ததும் வேலை தேடுவேன். அந்த ஊரிலும் துருப்பிடிக்கிற கேட் இல்லாமலா போகும். அதுவரை உன்னைச் சார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு உனக்கு டியூட்டி இருந்தால் லீவு போட வேண்டாம். விமான நிலையத்துக்கு வந்து குளிரில் நிற்க வேண்டாம். சாவியை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. விசாரித்து வந்துவிடுவேன். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

உன்,
வெல்டர்