பத்து வருஷத்துக்குக் காற்று

பதிவு 1. 2191 மார்ச் 3, 08:10
விண்கல் நிலையம் ஏழு. பொறுப்பாளர் பொன்னுலிங்கம், படிப்பு எட்டாம் வகுப்பு, மூளை அதற்கு மேல். துளை எந்திரம் ஓடுகிறது. எல்லாம் சரி. இந்தப் பக்கத்து விண்கற்கள் என்னைக் கேட்டுத்தான் சுற்றுகின்றன. நிலையத்தில் நான் ஒருவன்தான். பேச்சுத்துணை, அடுத்த கல்லில் இருக்கும் இஷிமோரி. அவனும் ஒண்டி. வானொலியில் குரல் மட்டும் வரும்.

பதிவு 2. மார்ச் 9, 13:40
இஷிமோரியிடம் ஜப்பானியம் கற்கிறேன். அரை மணியில் முக்கால் மொழியை முடித்துவிட்டேன். தன்னைச் சொல்லி, பின்னால் 'நன்கா' போட்டால், 'நானெல்லாம் ஒரு ஆளா' என்று பணிவாம். அடுத்தவனுக்குப் போட்டால் ஏளனமாம். 'வதாஷி' என்றால் நான். "வதாஷி நன்கா, சொல்லிப் பழகுங்கள்" என்றான். நாக்கு வளையவில்லை. எங்கள் கோவில்பட்டியில் அப்படிச் சொன்னால் நிஜமென்று நம்பிவிடுவார்கள்.

பதிவு 3. மார்ச் 21, 10:05
சூரியப் புயல். இரண்டு நிலையத்திலும் ஆக்ஸிஜன் எந்திரம் பழுது. அளவுகளை அனுப்பும் கருவியும் கருகிவிட்டது. மீட்புக் கப்பலில் ஒரு நிலையத்துக்குத்தான் எரிபொருள். கேப்டன் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி.
இஷிமோரி: "வதாஷி நன்கா... எனக்காகத் திரும்ப வேண்டாம். அவரிடம் போங்கள்."
ஜெசிந்தா: "அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லுங்க. அங்க எப்படி?"
நான்: "எனக்கென்ன தாயி, பத்து வருஷத்துக்குக் காத்து கெடக்கு."
"பின்னால என்ன இரைச்சல்?"
"மெஷினுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கேன். சுதி சேரமாட்டேங்குது."
சிரித்தாள். "உங்க பேச்சுல பத்துல ஒம்பதக் கழிச்சாலும் ஒரு வருஷம் தாங்கும். அப்ப நான் இஷிமோரிகிட்ட போறேன்."
அவன் தாழ்ந்து விட்டுக்கொடுத்தான். எனக்குத் தாழ வராது. உயர்ந்துதான் விட்டுக்கொடுக்க வரும். இங்கே இருப்பது இரண்டு நாள் காற்று.

பதிவு 4. மார்ச் 24, 16:30
ஒரே அறைக்குள் சுருண்டு கிடக்கிறேன். இரண்டு நாள் காற்றை இத்தனை தூரம் இழுத்தவன் அண்டத்திலேயே நான்தான். கேட்டு வாயைப் பிளக்க ஆளில்லை. வானொலியைத் திறந்தே வைத்திருக்கிறேன். இரைச்சல்கூட நல்ல துணைதான்.

பதிவு 5. மார்ச் 25
இஷிமோரி குரல். கப்பலில் ஏறிவிட்டான்.
"பொன்னுலிங்கம்-சான், ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? பத்து வருஷம் என்றீர்களே! நீங்கள் என்னிடம் பொய் சொல்வது நன்தே..."
நன்தே. நம்பவே முடியாத ஆச்சரியத்துக்குப் போடுவது போலிருக்கிறது. இது ஒன்றைக் கற்றுத்தராமல் வைத்திருந்திருக்கிறான்.
ஜெசிந்தா: "அண்ணாச்சி! அண்ணாச்சி, ஏதாவது பேசுங்க! சும்மா அளந்தாவது விடுங்க!"
அழுகிறாள். பொத்தானை அழுத்தினேன். வாய் திறந்தேன். குரல் இல்லை. எனக்கு. குரல் இல்லை.
இதை எடுப்பவர் அவளிடம் சொல்லவும். எந்திரம் பாடிவிட்டது. காற்று நிறைய. எனக்குத் துளிகூடப் பயம்